தாலந்தா, தாழ்மையா?

நடுவர் ஐயாவுக்கும் சபையாருக்கும் தோத்திரம். மணி அடிப்பதற்குள் சொல்ல நிறைய இருப்பதால் வாழ்த்துரையை இத்தோடு முடித்துக்கொள்கிறேன்.

2014இல் இத்தாலியின் 'தி வாய்ஸ்' பாட்டுப் போட்டியில் வென்றவர் சிஸ்டர் கிறிஸ்டினா. அவரிடம் நாம் கற்க வேண்டியது தாலந்தை, அதாவது தேவன் தந்த திறமையை, பயன்படுத்தும் துணிச்சல் என்கிறது எதிரணி. தாழ்மை என்கிறோம் நாங்கள்.

அந்த முதல் நாளைக் கொஞ்சம் பாருங்கள். நடுவர்கள் நான்கு பேர் மேடைக்கு முதுகு காட்டி உட்கார்ந்திருக்கிறார்கள். பாடுகிறவர் கறுப்பா சிவப்பா, ஏழையா பணக்காரரா, எதுவும் தெரியாது. குரல் மட்டும்தான். குரல் பிடித்து, பயிற்சி தர விரும்பினால் நாற்காலியைத் திருப்புவார்கள். வருகிறார் ஒரு பெண். 25 வயது, சிசிலிக்காரர், உர்சுலா சபைக் கன்னியாஸ்திரீ. தலையில் முக்காடு, கழுத்தில் சிலுவை. மேடைக்குப் பின்னால் அவரோடு வந்த மற்ற சிஸ்டர்கள்.

பாட்டு தொடங்குகிறது. கூட்டம் எழுந்து ஆர்ப்பரிக்கிறது. முதுகு காட்டி உட்கார்ந்த நால்வருக்கும் குழப்பம்: இவ்வளவு கூச்சல் எதற்கு? ஒரு நாற்காலி திரும்புகிறது. திரும்பியவர் திகைத்துப்போகிறார். அடுத்தது திரும்புகிறது. நான்கும் திரும்பிவிட்டன. பின்னால் நின்ற சிஸ்டர்களைச் சொல்லாமல் விட முடியுமா? அங்கியோடு துள்ளிக் குதிக்கிறார்கள், சபையோரே! பரலோகத்தில் சந்தோஷம் உண்டாகும் என்று வேதம் சொல்கிறதே, அதன் சத்தம் எப்படி இருக்கும் என்று கேட்டால் அந்தக் காட்சியைப் போட்டுக் காட்டுவேன்.

நால்வரில் மூத்தவர், இத்தாலியே கொண்டாடிய பாடகி ரஃபேல்லா கர்ரா. "நீங்கள் நிஜமான சிஸ்டர்தானா?" என்று கேட்டார். நிஜமேதான் என்றார். பிறகு ஏன் இங்கே வந்தீர்கள்? "எனக்கு ஒரு வரம் இருக்கிறது, அதை உங்களுக்குத் தருகிறேன்." பாருங்கள், எதிரணி முன்பாதியை மட்டும் பிடித்துக்கொண்டது. வரம் இருக்கிறது என்று எல்லாரும் சொல்வோம். தருகிறேன் என்று சொல்ல எத்தனை பேர் இருக்கிறோம்?

இன்னொன்றும் நடந்தது. நால்வரில் ஒருவர் ஜே-ஆக்ஸ். உடம்பெல்லாம் பச்சை குத்திய ராப் பாடகர். சிஸ்டரின் பாட்டைக் கேட்டுக் கண் கலங்கி நின்றார். நீங்களும் நானும் சேர்ந்தால் பிசாசும் தீர்த்தமும் சேர்ந்த மாதிரி என்று அவரே சொன்னார். நான்கு பேரில் தனக்குப் பயிற்சி தர யாரைத் தேர்ந்தெடுத்தார் இந்தக் கன்னியாஸ்திரீ? அவரைத்தான்! பாவி என்று ஊர் ஒதுக்கிய சகேயுவின் வீட்டுக்கு இயேசு தங்கப் போன அன்று எரிகோ ஊர் முறுமுறுத்தது. அதே துணிவு இது. தன்னைப் பெரியவளாக நினைப்பவருக்கு வராது.

அந்த ஜூனில் இறுதிச் சுற்று. 62 சதவீத வாக்கோடு வெற்றி. கோப்பை கையில், நாடே பார்க்கிறது. அவர் என்ன செய்தார்? மேலே இருப்பவருக்கு நன்றி சொல்லிவிட்டு, பரமண்டல ஜெபம் சொன்னார். தொலைக்காட்சி மேடையில்!

இப்போது எதிரணி அண்ணன் வீசிய வார்த்தைக்கு வருகிறேன். மற்றதை விட்டாலும் இதை விட மாட்டேன். "2022இல் மடத்தைவிட்டு வெளியே வந்து, ஸ்பெயினில் சர்வர் வேலைக்குப் போய்விட்டார். தாலந்தை மண்ணில் புதைத்துவிட்டார். இதுவா தாழ்மை? இது வீழ்ச்சி" என்றார். நீங்களும் கை தட்டினீர்கள்.

அண்ணே, சர்வர் வேலை வீழ்ச்சியா? கடைசி இராப்போஜனத்தில் யார் பெரியவன் என்று சீஷர்கள் சண்டை போட்டபோது, உங்கள் நடுவில் நான் பணிவிடைக்காரனைப்போல் இருக்கிறேன் என்றது யார்? இடுப்பில் துண்டைக் கட்டிக் கால் கழுவியது யார்? அப்போஸ்தலர் ஆறாம் அதிகாரத்தை எடுத்துப் பாருங்கள். பந்தி விசாரிக்க ஏழு பேரைத் தெரிந்தெடுத்தார்கள். முதல் பெயர் ஸ்தேவான். சபையின் முதல் இரத்தசாட்சி! பந்தியில் நின்றவருக்குத்தான் வானம் திறந்து காட்டப்பட்டது. மேசையைத் துடைக்கும் பிள்ளையைப் பார்த்து "விழுந்துவிட்டாள்" என்று இந்த ஆலய வளாகத்தில் சொல்லாதீர்கள்.

மடத்தைவிட்டு வந்தது அவருக்கும் தேவனுக்கும் நடுவில் உள்ள காரியம். நியாயம் தீர்க்க நான் யார்? ஆனால் விசுவாசத்தை விட்டதாக அவர் சொல்லவில்லை. பாட்டையும் விடவில்லை. உலகம் அறிந்த முகத்தோடு, அந்நிய ஊரில், எச்சில் தட்டு எடுத்துப் பிழைக்கிறேன் என்று தொலைக்காட்சியில் வெட்கப்படாமல் சொன்னார். கோப்பை வாங்கிய அன்றைவிட எனக்கு அவர் உயரமாகத் தெரிந்தது அன்றுதான்.

என் அத்தை எங்கள் ஊர்க் கோயிலில் பாடகர் குழுவை நடத்தியவர். அவர் எடுத்துக் கொடுக்காமல் கீர்த்தனை தொடங்காது. ஒரு நாள் பக்கவாதம் வந்து குரல் போனது. பேச்சே குழறும். அடுத்த மாதமே ஞாயிறு காலையில் எல்லாருக்கும் முன்னால் கோயிலுக்குப் போய், ஒற்றைக் கையால் பாய் விரித்தார். வாசலில் நின்று பாட்டுப் புத்தகம் கொடுத்தார். தாலந்து போன பிறகும் அத்தையிடம் மிச்சம் இருந்ததே, ஐயா, அதற்கு எதிரணி என்ன பெயர் வைக்கும்?

சாகும்வரை அவர் வேறொருவர் பாடியதைக் கேட்டு முகம் சுளித்ததில்லை. சின்னப் பிள்ளைகள் சுருதி தப்பினாலும் தலையாட்டிக் கேட்டார். அவரை நினைத்துத்தான் இன்று இந்த அணியில் பேச ஒத்துக்கொண்டேன். நடுவர் ஐயா, தீர்ப்பைத் தாழ்மைக்குக் கொடுங்கள். நன்றி, வணக்கம்.