இறால் ஓட்டு நிறத்தில் ஒரு முள்ளுப்பழம்

நேயர்களுக்கு வணக்கம். நம் கேமரன் மலை ரிங்லெட் பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களில் வளர்ந்தவர்களுக்கு முள்ளுப்பழத்தை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. லயத்துக்குப் பின்னால் கையைக் கீறிக்கொண்டு பறித்து, சட்டைப் பையில் போட்டுக் கறையாக்கி, அம்மாவிடம் ஏச்சு வாங்கியிருப்பீர்கள். அதற்குத் தூரத்து உறவு ஒன்று சீனா, கொரியா, ஜப்பான் மலைச்சரிவுகளில் தானாக வளர்கிறது. அந்தக் காட்டு ராஸ்பெர்ரியைப் பற்றித்தான் பேச வந்தேன்.

ஜப்பானில் வேலை பார்க்கும் மகனிடம் போயிருந்தபோது ஒரு மலைப்பாதையில் பார்த்தேன். தண்டு முழுக்கச் செந்நிற மயிர். முள்ளும் உண்டு, ஆனால் மயிருக்குள் மறைந்து கிடக்கிறது. அங்கே இதற்கு எபிகரா இச்சிகோ என்று பெயர். எபி இறால், கரா ஓடு. இறாலை அவித்து உரித்துப் போட்டால் கிடக்குமே ஓடு, அந்த நிறம்! ரூபஸ் ஃபீனிகோலேசியஸ் என்ற தாவரவியல் பெயரும் செம்மயிரைத்தான் சொல்கிறது.

தொட்டேன், விரல் ஒட்டியது. ஒவ்வொரு மயிர் நுனியிலும் குண்டூசித் தலை போல ஒரு சுரப்பி, அதில் பசை. இலை மூன்று மூன்றாக இருக்கும், நடுவில் உள்ளது பெரிது. திருப்பிப் பார்த்தால் அடிப்பக்கம் வெள்ளை வெளேர்.

எனக்குப் பிடித்தது அதன் புல்லிதான். பூவுக்கு அடியில் பச்சையாக ஐந்து மடல் இருக்குமே, அதைச் சொல்கிறேன். இதழ் உதிர்ந்ததும் அந்த ஐந்தும் மறுபடி மூடிக்கொள்கின்றன. ஆமாம், பூத்து முடித்த பிறகு மறுபடி மொட்டாகிவிடுகிறது! வெளியே பசை மயிர், உள்ளே பிஞ்சு. பழுக்கும் சமயத்தில்தான் மடல்கள் நட்சத்திரம் போல விரிந்து சிவந்த பழத்தைக் காட்டுகின்றன. குழந்தையைத் துணியில் பொத்தி வைத்திருந்து, தூக்கம் கலைந்ததும் விலக்குவது போல. பூச்சி தின்னும் செடியோ என்று ஆராய்ந்தும் பார்த்தார்கள். இல்லை, அது செரிப்பதில்லை. பிஞ்சுக்குக் காவல் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

நேரம் முடிகிறது என்று கை காட்டுகிறார்கள். சரி, சுருக்கமாக. தண்டு முதல் வருடம் இலை மட்டும் விடும், மறு வருடம் பூத்துக் காய்த்துக் காய்ந்துபோகும். அதற்குள் நுனி வளைந்து மண்ணைத் தொட்டால் அங்கேயே வேர்விடும். 1890இல் அமெரிக்காவுக்குக் கொண்டுபோனார்கள், இன்று அங்கே கிழக்குப் பகுதிக் காடுகளில் புதராக மண்டிக் கிடக்கிறது. அதனால் ஆசைப்பட்டு விதை வரவழைத்து நம் மலையில் யாரும் நட்டுவிடாதீர்கள். வணக்கம்.