அவெஞ்சர் ஃபீல்டில் பறக்கக் கற்ற பெண்கள்

அவையோருக்கு வணக்கம்.

இரண்டாம் உலகப்போர் விமானிகள் என்றதும் குண்டு வீசியவர்களும் வானில் சண்டை போட்டவர்களும்தான் நம் நினைவுக்கு வருவார்கள். ஆனால் தொழிற்சாலையில் தயாரான விமானத்தை அவர்கள் கையில் கொண்டுபோய்ச் சேர்த்தது யார்? தரையிலிருந்து சுடப் பழகும் வீரர்களுக்கு வானத்தில் குறி காட்டியது யார்? அமெரிக்காவில் இந்த வேலைகளில் முக்கியப் பங்கைச் செய்தது ‘வாஸ்ப்’ என்ற பெண் விமானிகள் படை. அவர்களில் பெரும்பாலோரை உருவாக்கிய விமானத்தளத்தைப் பற்றித்தான் இன்று பேச வந்திருக்கிறேன்.

மேற்கு டெக்சாஸில் ஸ்வீட்வாட்டர் என்று ஒரு சிறிய ஊர். அதன் விமான நிலையத்தைப் போருக்காகப் பெரிதாக்கி, 1942-ல் அவெஞ்சர் ஃபீல்டு என்று பெயர் வைத்தார்கள். முதலில் பிரிட்டிஷ் மாணவர்கள் கொஞ்ச காலம் பழகினார்கள், அப்புறம் அமெரிக்க இளைஞர்கள் வந்தார்கள். பெண்களுக்கான பயிற்சி 1942 நவம்பரில் ஹூஸ்டனில் தொடங்கியிருந்தது. அங்கே இடவசதியும் இல்லை, வானிலையும் ஒத்துழைக்கவில்லை. 1943 பிப்ரவரியில் ஸ்வீட்வாட்டருக்கு மாற ஆரம்பித்தார்கள். சில மாதங்களில் தளம் முழுக்கப் பெண்களுடையதாகிவிட்டது. திட்டத்தின் தலைவி ஜாக்குலின் காக்ரன், வேகப் பந்தயங்களில் ஏற்கெனவே பெயர் பெற்ற விமானி.

25,000-க்கும் மேற்பட்ட பெண்கள் விண்ணப்பித்தார்கள். எடுத்துக்கொண்டது 1,830 பேரை. தேறியவர்கள் 1,074 பேர். பறக்கத் தெரியாதவர்களுக்கு இங்கே இடமே இல்லை, வரும்போதே விமானி உரிமம் இருக்க வேண்டும். அதே விதி பயிற்சி பெற வந்த ஆண்களுக்குக் கிடையாது என்பதைக் கவனிக்க வேண்டும்.

அங்கே வாழ்க்கை எப்படி இருந்தது? ஓர் அறையில் ஆறு கட்டில்கள். இரண்டு அறைகளுக்கு நடுவே ஒரே குளியலறை, அதாவது பன்னிரண்டு பேருக்கு ஒன்று. உடுப்பு என்று கொடுத்தது ஆண் மெக்கானிக்குகளின் முழு அங்கி. சிறிய அளவே கிடையாது. கையை மடித்து, காலை மடித்து, இடுப்பில் பெல்ட்டை இறுக்கிக்கொண்டு விமானத்தில் ஏறினார்கள். அந்த அங்கியைத் துவைக்க அவர்கள் கண்டுபிடித்த வழி, அதைப் போட்டுக்கொண்டே ஷவருக்கு அடியில் நின்று பிரஷ்ஷால் தேய்ப்பது. கோடையில் அறைக்குள் படுக்க முடியாது. கட்டிலை வெளியே இழுத்துப் போட்டுத் தூங்குவார்கள். சுற்றிலும் செம்மண் புழுதி, போதாததற்கு சாரைபோல ஓடாமல் வாலை ஆட்டிச் சத்தம் போடும் விஷப்பாம்புகள்.

விடியற்காலையில் எழுந்து அணிவகுப்பு, வகுப்பறை, பறத்தல் என்று நாள் போகும். முதலில் திறந்த இருக்கை உள்ள பயிற்சி விமானம், பிறகு படிப்படியாக ஏ.டி.-6 என்ற உயர்நிலைப் பயிற்சி விமானம் வரை. கருவிகளை மட்டும் நம்பிப் பறக்கும் பயிற்சிக்கு, வெளியே எதுவும் தெரியாதபடி மாணவியின் இருக்கைக்கு மேல் திரை போட்டுவிடுவார்கள். முன்னால் இருக்கும் முள்களைப் பார்த்தே திசையும் உயரமும் பிடிக்க வேண்டும். பிற்காலத் தொகுதிகளுக்கு மொத்தம் 30 வாரம், 210 மணி நேரப் பறத்தல். தளத்தின் நடுவில் வட்டமாக ஒரு கல் தொட்டி உண்டு. தேர்வுக்குப் போகும்போது அதில் காசு போட்டு வேண்டிக்கொள்வார்கள். முதன்முதலாகத் தனியாகப் பறந்து இறங்கியவளைத் தோழிகள் தூக்கி அதற்குள்ளேயே போட்டுவிடுவார்கள்!

சரி, இவ்வளவு ராணுவ ஒழுங்கோடு பயின்றவர்கள் ராணுவத்தினரா? இல்லை. காகிதத்தில் அவர்கள் சிவில் ஊழியர்கள். பயிற்சியில் மாதம் 150 டாலர், அதிலும் தங்குவதற்கும் சாப்பாட்டுக்கும் பிடித்தம். தேறிய பிறகு 250 டாலர். ராணுவக் காப்பீடு கிடையாது. பணியில் இறந்தால் உடலை ஊருக்கு அனுப்பக்கூட அரசு செலவு செய்யாது. கூட இருந்த பெண்கள் ஆளுக்குக் கொஞ்சம் போட்டுப் பணம் திரட்டி அனுப்பினார்கள். சவப்பெட்டிமீது தேசியக் கொடி போர்த்தும் உரிமையும் இல்லை. இப்படி 38 பேர் இறந்தார்கள். எனக்கு இதைப் படிக்கும்போதெல்லாம் மனசு கொதிக்கிறது.

அந்த 38 பேரில் ஒருவர் ஹேசல் யிங் லீ. போர்ட்லாண்டில் பிறந்த சீன வம்சாவளிப் பெண், 1932-லேயே உரிமம் வாங்கியவர். ஒருமுறை கான்சாஸில் வயல் ஒன்றில் அவசரமாக இறங்கியபோது, ஜப்பான்காரர் வந்துவிட்டார் என்று நினைத்த விவசாயி வைக்கோல் முள்கோலோடு அவரைத் துரத்தினார். 1944 நவம்பர் 23-ல் மொன்டானாவின் கிரேட் ஃபால்ஸில் இறங்கிக்கொண்டிருந்தபோது இன்னொரு விமானம் அவருடையதன்மேல் மோதியது. இரண்டு நாளில் இறந்தார். சில நாளில் அவர் தம்பியும் பிரான்ஸ் போர்முனையில் மாண்டார். இருவரையும் அடக்கம் செய்யக் குடும்பம் தேர்ந்தெடுத்த இடத்தை, ஆசியர்களுக்குத் தர மாட்டோம் என்று கல்லறை நிர்வாகம் மறுத்தது. குடும்பம் விடாமல் போராடி அந்த இடத்தைப் பெற்றது.

காக்ரனைப் பற்றிப் பேசும்போது இன்னொன்றையும் மறைக்கக் கூடாது. கறுப்பினப் பெண்களை அவர் சேர்த்துக்கொள்ளவில்லை. சிகாகோவின் செவிலியர் ஜேனட் பிராக் சொந்தமாக விமானமே வைத்திருந்தவர். நிறத்தைக் காரணம் காட்டி அவரைத் திருப்பி அனுப்பினார்கள். பெண்ணுக்கு வாய்ப்பு கேட்டுப் போராடிய ஒருவரே இன்னொரு பெண்ணுக்குக் கதவைச் சாத்தியது பெரிய அநியாயம். தாம் நடத்தும் பரிசோதனையே ஆட்டம் காணும் நேரத்தில் இந்தச் சிக்கலும் வேண்டாம் என்பது காக்ரன் சொன்ன காரணம். அதை என்னால் ஏற்க முடியவில்லை.

1944 ஜூனில் இவர்களை ராணுவத்தில் சேர்க்கும் மசோதா நாடாளுமன்றத்தில் தோற்றது. விமானிகள் தேவை குறைந்திருந்தது, வேலையிழந்த ஆண் பயிற்சியாளர்கள் எதிர்ப்பு கிளப்பியிருந்தார்கள். டிசம்பர் 7-ல் கடைசித் தொகுதி அவெஞ்சர் ஃபீல்டில் பட்டம் பெற்றது. விழாவுக்கு வந்த விமானப்படைத் தளபதி ஆர்னல்டு, ஆண்களைப் போலவே பெண்களாலும் பறக்க முடியும் என்பது நிரூபணமாகிவிட்டது என்று பேசினார். டிசம்பர் 20-ல் படையைக் கலைத்தார்கள். அவரவர் சொந்தச் செலவில் வீடு திரும்பினார்கள்.

அப்புறம் முப்பது வருடம் யாரும் வாய் திறக்கவில்லை. ஆவணங்களும் பூட்டிக் கிடந்தன. எழுபதுகளில், ராணுவ விமானம் ஓட்டப்போகும் முதல் பெண்கள் என்று புதியவர்களைப் பற்றி அறிவிப்பு வந்ததும் பழைய வாஸ்ப்கள் கொதித்தெழுந்தார்கள். ஆர்னல்டின் மகன் கூட நின்றார். போர்க்காலத்தில் தாமும் விமானம் கொண்டுசேர்த்த செனட்டர் கோல்ட்வாட்டர் வாதாடினார். 1977-ல் முன்னாள் படையினர் என்ற தகுதி சட்டப்படி கிடைத்தது. 2010-ல் நாடாளுமன்றத் தங்கப் பதக்கம் வழங்கப்பட்டது. அத்தோடு முடிந்ததா? 2015-ல் காலமான வாஸ்ப் விமானி எலைன் ஹார்மனின் சாம்பலை, படைவீரர்களுக்கான ஆர்லிங்டன் தேசியக் கல்லறையில் வைக்க அனுமதி மறுத்தார்கள். பேத்திகள் கையெழுத்து இயக்கம் நடத்தினார்கள். 2016 மே மாதம் புதிய சட்டம் வந்து, செப்டம்பரில்தான் பாட்டிக்கு அங்கே இடம் கிடைத்தது.

அவெஞ்சர் ஃபீல்டில் இப்போது ஒரு தொழில்நுட்பக் கல்லூரி நடக்கிறது. 1929-ல் கட்டிய பழைய விமானக் கொட்டகையில் வாஸ்ப் அருங்காட்சியகம் இருக்கிறது, அந்தக் கல் தொட்டியும் இருக்கிறது. டல்லஸ் பக்கம் பிள்ளைகளைப் பார்க்கப் போகிறவர்கள் நம்மில் பலர். அங்கிருந்து மேற்கே ஏறத்தாழ 350 கிலோமீட்டர், ஒரே நெடுஞ்சாலை. பேத்திகளையும் கூட்டிக்கொண்டு ஒரு நாள் போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள்.