எருமையும் கிருபாசனமும்

நம் சபைப் பட்டிமன்றத்தின் நடுவர் அவர்களுக்கும், நம் போதகர் ஐயரவாளுக்கும், பின்னால் அசன விருந்துக்குக் கத்தரிக்காய் நறுக்கிக்கொண்டே காதைக் கொடுத்திருக்கும் தாய்மார்களுக்கும் ஸ்தோத்திரம். வணக்கம் இத்தோடு முடிந்தது. எனக்குத் தந்ததே பத்து நிமிடம். அதில் இரண்டு நிமிடத்தை இந்த மைக் தின்றுவிட்டது.

தலைப்பு, 'ஜெபத்துக்குத் தேவை பணிவா, தைரியமா?' நான் தைரியத்தின் பக்கம். விரும்பி வந்தேன் என்று நினைக்காதீர்கள். சீட்டு குலுக்கினார்கள், இது வந்தது.

எனக்கு முன்னால் பேசிய தலைமையாசிரியர் அண்ணாச்சி ஒரு குத்து குத்தினார். "தைரியமாக ஜெபிக்கிறவர்களைப் பார்த்தால், கந்துவட்டிக்காரர் வசூலுக்கு வந்து வாசலில் நிற்கிற மாதிரி இருக்கிறது" என்றார். நீங்களும் கை தட்டினீர்கள். யார் யார் தட்டினீர்கள் என்று பார்த்து வைத்திருக்கிறேன்.

அண்ணாச்சி, கந்துவட்டிக்காரர் என்றால் யார்? கொடுத்தவர். கொடுத்ததைக் கேட்க வருகிறார். நாம் ஆண்டவருக்கு என்ன கொடுத்திருக்கிறோம்? ஞாயிற்றுக்கிழமை காணிக்கைப் பையில் பத்து ரூபாய். அதுவும் கடைக்காரர் வாங்க மாட்டேன் என்று திருப்பித் தந்த நோட்டாகப் பார்த்துப் போடுகிறோம். இதை வைத்துக்கொண்டு வசூலுக்குப் போக முடியுமா?

லூக்கா 11-ஆம் அதிகாரத்தை அண்ணாச்சி எடுத்துப் பார்க்கட்டும். பாதிராத்திரியில் ஒருவன் சிநேகிதன் வீட்டுக் கதவைத் தட்டுகிறான். "மூன்று அப்பங்களைக் கடனாகத் தரவேண்டும்" என்கிறான். வசூலுக்கு வந்தவன் இல்லை, கடன் கேட்டு வந்தவன். உள்ளேயிருந்து, "கதவு பூட்டியாயிற்று, பிள்ளைகள் படுத்திருக்கிறார்கள், தொந்தரவு பண்ணாதே" என்று பதில் வருகிறது. இவன் போகிறானா? போகவில்லை. வந்திருக்கிற விருந்தாளி ஒரே ஒருவன். அவனுக்கு எதற்கு மூன்று அப்பம்? நம்ம ஊர்க்காரனாக இருந்திருப்பான். கடைசியில் கதவு திறந்ததா இல்லையா? அண்ணாச்சி, உங்கள் கந்துவட்டியைத் தள்ளுபடி செய்துவிட்டேன், எழுதிக்கொள்ளுங்கள்.

சரி, இப்போது என் ஆச்சி கதைக்கு வருகிறேன். ஆச்சி எழுதப் படிக்கத் தெரியாதவள். தாத்தா உபதேசியார், சபையில் வேதம் சொல்லிக்கொடுக்கிறவர். அவர் ஜெபம், "மகா பரிசுத்தமும் மகிமையும் பொருந்திய எங்கள் பரலோக பிதாவே" என்று ஆரம்பித்தால், பிதா வந்து சேர்வதற்குள் நாங்கள் தூங்கிவிடுவோம். ஆச்சியோ திண்ணையில் காலை நீட்டி உட்கார்ந்து, "ஆண்டவரே, இருக்கீரா?" என்று ஆரம்பிப்பாள். அடுத்த வீட்டுக்காரியைக் கூப்பிடுகிற அதே குரல்.

ஒருநாள் சாயங்காலம் எங்கள் எருமையைக் காணோம். சினை எருமை. தாத்தா டார்ச் லைட்டோடு குளத்தங்கரைக்குப் போனார். ஆச்சி திண்ணைக்குப் போனாள். "ஆண்டவரே, இருக்கீரா? எருமையக் காங்கல. பூமியும் அதிலுள்ள நெறைவும் ஒம்மோடதுன்னு சங்கீதத்துல வாசிக்காவ. அப்போ எருமையும் ஒம்மோடதுதான. பாலுதான் எங்களுக்கு. எருமை தொலைஞ்சா நஷ்டம் ஒமக்குத்தான், பாத்துக்கிடும்."

கேட்டீர்களா? பின்னால் இருக்கிறவர்களுக்குக் கேட்டிருக்காது, இன்னொரு தடவை சொல்கிறேன். எருமை ஆண்டவருடையது. பால் ஆச்சியுடையது. நஷ்டம் யாருக்கு? ஆங், ஆண்டவருக்கு! எந்த வக்கீல் இப்படி வாதாடுவார்?

விடிந்தது. எருமை எங்கே இருந்தது தெரியுமா? ஐயர் வீட்டுத் தோட்டத்தில். ஐயரம்மா ஆசையாகப் போட்டிருந்த அகத்திக்கீரை, வெண்டைக்காய் எல்லாவற்றையும் முடித்துவிட்டு, கோயில் சுவரோரம் அசைபோட்டுக்கொண்டு படுத்திருந்தது. தாத்தாவுக்குத் தலைகுனிவு. ஐயரம்மாவுக்கு அழுகை. ஆச்சி மறுபடியும் திண்ணைக்கு வந்தாள். "எருமையக் குடுத்ததுக்கு ஸ்தோத்திரம். ஆனா அத ஒம்ம வீட்டுல கட்டிப் போட்டு வச்சது நீருதான். கீரைக்கும் நீரே பதில் சொல்லும்."

ஐயரவாள் சிரிக்கிறார். நல்லவேளை, இவர் அப்போது இந்தச் சபையில் இல்லை.

இந்தப் பேரம் ஆச்சி கண்டுபிடித்தது இல்லை. ஆதியாகமம் 18-இல் ஆபிரகாம் பண்ணியது. ஆண்டவர் அழிக்கப்போகிற சோதோம் பட்டணத்தில் ஐம்பது நீதிமான்கள் இருந்தால் விட்டுவிடுவீரா என்று ஆரம்பித்தார். அப்புறம் நாற்பத்தைந்து, நாற்பது, முப்பது, இருபது, பத்து. ஆறு தடவை! பாளையங்கோட்டை மார்க்கெட்டில் இப்படிக் கேட்டால் கடைக்காரர் தராசைத் தூக்கி எறிவார். நடுவிலேயே ஆபிரகாம் "தூளும் சாம்பலுமாயிருக்கிற அடியேன்" என்றும் சொல்கிறார். அந்த வரி பணிவு அணிக்குச் சாதகம்தான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் சாம்பல் என்று சொல்லிவிட்டு வாயை மூடவில்லையே, நாற்பத்தைந்து என்றல்லவா கேட்டார்?

எதிரணி அக்கா, ஆலயத்தில் தூரத்தில் நின்று மார்பில் அடித்துக்கொண்டு ஜெபித்த ஆயக்காரனை, அதாவது வரி வசூலிக்கிறவனைச் சொன்னார். அக்கா, ஊரே வெறுத்த ஒருவன், தன் பக்தியைத் தானே மெச்சிக்கொண்ட அந்தப் பரிசேயன் நிற்கிற அதே ஆலயத்துக்குள் வந்து நின்றானே, அதற்கு எவ்வளவு தைரியம் வேண்டும்!

எபிரெயர் 4:16-இல் 'தைரியமாய்க் கிருபாசனத்தண்டையிலே சேரக்கடவோம்' என்று இருக்கிறது. கிருபாசனம் என்றால் ஆண்டவருடைய கிருபையின் சிங்காசனம். அந்தத் 'தைரியம்' கிரேக்கத்தில் பர்ரேசியா. எல்லாவற்றையும் மறைக்காமல் பேசுவது என்று பொருள். ஏதென்ஸ் நகரத்தில் குடிமகன் சபையில் எழுந்து மனதில் பட்டதைச் சொல்வதற்கு அந்தப் பெயர். அடிமைக்கு அது கிடையாது. ஆலயத்தின் உள்ளறையான மகா பரிசுத்த ஸ்தலத்துக்குள் பிரதான ஆசாரியர் ஒருவர்தான், அதுவும் வருஷத்தில் ஒரே ஒரு நாள்தான் போகலாம் என்று பழகியிருந்த எபிரெயர்களைப் பார்த்து அந்த நிருபக்காரர் சொல்கிறார்: எல்லாரும் வாருங்கள், வாய் திறந்து பேசுங்கள்.

நடுவர் கை மணிமேல் போய்விட்டது. இன்னும் ஒன்று மட்டும்.

எனக்கு ஆறு வயது. சின்ன மாமாவுக்கு மஞ்சள் காமாலை. கல்யாணத்துக்கு நாள் குறித்திருந்தார்கள். ஒன்பது நாளும் ஆச்சி திண்ணையை விட்டு எழுந்திருக்கவில்லை. எருமைக்குப் பேசினதைப் போல நூறு மடங்கு பேசினாள். பத்தாம் நாள் மாமா போய்விட்டார்.

அடக்கம் முடிந்து வந்த அன்றைக்குச் சாயங்காலம். வழக்கமாகக் குடும்ப ஜெபம் நடக்கிற நேரம். தாத்தாவுக்கு வாய் வரவில்லை. 'மகா பரிசுத்தமும்' கூட வரவில்லை. யாருமே பாயை விரிக்கவில்லை. ஆச்சிதான் எழுந்து விரித்தாள். என்னைத் தூக்கி மடியில் போட்டுக்கொண்டாள்.

"ஆண்டவரே, இருக்கீரா?"

வீடே மூச்சு விடவில்லை.

"எம் புள்ளையக் கேட்டேன், நீர் தரல. ஒம்ம மேல எனக்குக் கோவம். அதையும் ஒம்மகிட்டதான் சொல்லணும், சொல்லிட்டேன்."

அப்புறம் ரொம்ப நேரம் பேசவே இல்லை. அவள் வயிறு ஏறி இறங்குவது என் முதுகில் தெரிந்தது. கடைசியில் "ஆமென்" என்றாள். என்னைப் பாயில் கிடத்திவிட்டு, எருமைக்குத் தண்ணீர் வைக்கப் போனாள்.

அடியுங்கள் நடுவரே, மணியை. நான் உட்காருகிறேன்.