மீந்த சோத்துல பக்கோடா, தோசை, வடகம் – பருக்கையை நசுக்கிப் பார்த்துட்டு ஆரம்பிங்க

வணக்கம்ங்க. சோறு மீந்துட்டா லெமன் சாதம், இல்லன்னா தயிர் சாதம். முக்காவாசி வீட்டுல இதோட கதை முடிஞ்சுது. ஆனா எல்லா மீந்த சோறும் தாளிக்கத் தோதுப்படாது. ஒரு பருக்கையை எடுத்து ரெண்டு விரலுக்கு நடுவுல வச்சு நசுக்குங்க. இங்க பாருங்க, இது பொன்னி புழுங்கல், வடிச்சது. ரெண்டா உடையுது, மசியல. இது தாளிக்கற சோறு. பக்கத்துல இருக்கறது குக்கர்ல வச்ச பச்சரிசி. தொட்டதும் விரல்ல அப்பிக்குது. இதைத் தாளிச்சா களிதான் கிடைக்கும், இது பிசையவும் அரைக்கவும்தான் லாயக்கு.

செய்முறைக்கு முன்னாடி, சோத்தை எடுத்து வைக்கற விஷயம். சோத்தைக் குக்கர்லயே மூடி வச்சு, அடுப்பு மேடையில ராத்திரி முழுக்க விட்டுடாதீங்க. பேசில்லஸ் சீரியஸ்னு ஒரு பாக்டீரியா, அதோட வித்து அரிசி கொதிக்கும்போது கூட சாகறதில்ல. சோறு வெதுவெதுன்னு கிடந்தா பெருகி நஞ்சை உண்டாக்கும். அந்த நஞ்சு, மறுபடி எவ்வளவு சுட வச்சாலும் போகாது. அதனால அகலத் தட்டுல பரப்பி ஆறவிட்டு, 1 மணி நேரத்துக்குள்ள டப்பாவுல போட்டு ஃப்ரிட்ஜ்ல வச்சிடுங்க. மறுநாளே தீர்த்திடணும். நூல் விட்டா யோசிக்காம கொட்டிடுங்க. தண்ணி ஊத்தி வைக்கற பழைய சோறு புளிக்கற சமாச்சாரம், அது வேற கணக்கு.

ஃப்ரிட்ஜ்ல இருந்து எடுத்த சோறு விறைச்சிருக்கும். அப்படியே புளிக்காய்ச்சலைக் கொட்டிக் கிளறினா பருக்கை உடையும், புளியும் உள்ள இறங்காது. 2 கப் சோத்துக்கு 1 மேசைக்கரண்டி தண்ணி தெளிச்சு, இட்லிப் பானையில 4 நிமிஷம் ஆவி காட்டுங்க. லேசா ஆறினதும் கலந்தா உதிரியா வரும்.

இப்போ பக்கோடா. 2 கப் குழைஞ்ச சோறு. முக்கால் பங்கை நல்லா மசிங்க, கால் பங்கு பருக்கையாவே இருக்கட்டும், கடிக்கறதுக்கு. பெரிய வெங்காயம் 1, பச்சை மிளகாய் 2, துண்டு இஞ்சி, கறிவேப்பிலை, அரை ஸ்பூன் சோம்பு. முதல்ல வெங்காயத்துல உப்பைப் போட்டுப் பிசறி 5 நிமிஷம் விடுங்க, அது விடற தண்ணியே போதும். சோத்துல ஏற்கெனவே உப்பு இருந்தா பார்த்துப் போடுங்க. அப்புறம் சோறு, அரை கப் கடலை மாவு, 2 மேசைக்கரண்டி அரிசி மாவு. தண்ணி ஒரு சொட்டு கூட வேண்டாம். தண்ணி விட்டா மாவு இளகும், எண்ணெயும் குடிக்கும். முதல்ல ஒரே ஒரு பக்கோடா போட்டுப் பாருங்க. பிரிஞ்சா இன்னும் 1 மேசைக்கரண்டி கடலை மாவு. எண்ணெய் சூடு பத்தலன்னாலும் பிரியும், ரெண்டையும் கவனிங்க. உருட்டும்போது முழுப் பருக்கை வெளிய துருத்தாம அமுக்கி விடுங்க, அதுதான் எண்ணெயில வெடிச்சுத் தெறிக்கும்.

தோசை சுலபம். 1 கப் சோறு, 1 கப் ரவை, அரை கப் தயிர், உப்பு. அரைச்சு 20 நிமிஷம் ஊறவிட்டு, தண்ணி சேர்த்து இளக்கிக்கோங்க. சோறு கூடிப்போனா கல்லுல பிடிச்சுக்கும், திருப்பவே வராது. ஆப்பத்துக்குன்னா 2 கப் பச்சரிசியை 4 மணி நேரம் ஊறவச்சு, அரை கப் சோறும் அரை கப் தேங்காய்த் துருவலும் சேர்த்து அரைச்சு ராத்திரி புளிக்க விடுங்க. நடுவுல பஞ்சு மாதிரி வரும்.

நிறைய மீந்துட்டா, வெளிய சித்திரை வெயிலும் அடிச்சா, வடகம்தான். என்னைக் கேட்டா குழைஞ்ச சோத்துக்கு இதை விட நல்ல வழி இல்ல. 4 கப் சோறு, பச்சை மிளகாய் 5, சீரகம் 1 ஸ்பூன், பெருங்காயம் கொஞ்சம். உப்பு, நாக்குக்குக் கொஞ்சம் குறைச்சலாத் தெரியணும். காய்ஞ்சதும் அது ஏறும். தண்ணி விடாம கெட்டியா அரைச்சு, முறுக்கு அச்சுல தேன்குழல் வில்லை போட்டு, நனைச்சுப் பிழிஞ்ச வேட்டியில பிழிங்க. காலையில 8 மணிக்கே போட்டாத்தான் அன்னிக்கே மேல் ஈரம் போகும். சாயங்காலம் உள்ள எடுத்து வச்சிடுங்க, பனி படக் கூடாது. மறுநாள் துணியோட பின்பக்கம் தண்ணி தெளிச்சா உரிஞ்சு வரும். திருப்பிப் போட்டு இன்னும் 2 நாள் காய விடுங்க.

பதம் இதோ, கிட்ட காட்டறேன். ஒடிச்சா டக்குனு சத்தம் வரணும். வளைஞ்சா உள்ள ஈரம் இருக்கு, டப்பாவுல பூஞ்சை பிடிக்கும். பொரிக்கும்போது எண்ணெய் நல்லாக் காய்ஞ்சிருக்கணும். மிச்சமிருக்கற துளி ஈரம் பட்டுனு ஆவியாகறப்பத்தான் வடகம் பூக்கும். சூடு பத்தலன்னா பூக்காம கல்லு மாதிரி கிடக்கும், பல்லுதான் போகும். பூத்ததும் உடனே அரிச்சு எடுங்க, சிவக்க விட்டா கசக்கும்.