ஒயருக்கு ஏற்ற லக்கைத் தேர்ந்தெடுப்பது எப்படி?

[திரையில்: உள்ளங்கையில் ஒரு செப்பு லக். அதன் மீது பொறித்த எண் நெருக்கமாகத் தெரிகிறது.]

ஒயரின் முனையைக் குழலுக்குள் நுழைத்து, நசுக்கிப் பிடிக்கவைத்து, போல்ட்டில் மாட்டும் உலோகத் துண்டுதான் லக். இந்த லக்கின் மீது 16-8 என்று பொறித்திருப்பதைப் பாருங்கள். முதல் எண், குழல் பகுதிக்குள் நுழைய வேண்டிய ஒயரின் பரப்பு 16 சதுர மில்லிமீட்டர் என்பதைக் குறிக்கிறது. இரண்டாவது எண், துளையில் மாட்ட வேண்டிய போல்ட்டின் அளவு 8 மில்லிமீட்டர் என்பதைக் குறிக்கிறது. போல்ட்டில் மாட்டிப் பார்த்துவிட்டு முதல் எண்ணைக் கவனிக்காமல் விடுவதுதான் வழக்கமாக நடக்கும் தவறு.

ஒயரின் அளவு என்பது உள்ளே இருக்கும் செம்பின் பரப்பே ஒழிய, மேலுறையோடு சேர்ந்த பருமன் அன்று. உறையில் அச்சிட்ட எழுத்து அழிந்திருந்தால், ஓர் இழையின் விட்டத்தை அளந்து, அதன் வர்க்கத்தை 0.785 ஆலும் இழைகளின் எண்ணிக்கையாலும் பெருக்கிக்கொள்ளலாம். 0.25 மில்லிமீட்டர் விட்டமுள்ள 50 இழைகள் இருந்தால் விடை ஏறத்தாழ 2.45 வரும், அது 2.5 சதுர மில்லிமீட்டர் ஒயர். இழைகளை எண்ணுவது சலிப்பான வேலைதான், ஆனால் கண்மதிப்பை நம்புவதைவிட மேல்.

[திரையில்: 6 கேஜ் ஒயர், 16 அளவு லக்கினுள் தளர்வாக ஆடுகிறது.]

ஒயரின் பருமனை எண்ணால் குறிக்கும் அமெரிக்க கேஜ் முறையில் எண் ஏற ஏற ஒயர் மெலியும். எண்ணில் மூன்று கூடினால் பரப்பு ஏறக்குறைய பாதியாகிவிடும். இந்த 6 கேஜ் ஒயரின் பரப்பு 13.3 சதுர மில்லிமீட்டர் என்பதால், 10 அளவு லக் இதற்குச் சிறியது, 16 அளவு லக்கோ பெரியது. சிறியதில் நுழைப்பதற்காகச் சில இழைகளை வெட்டினால், மின்னோட்டம் முழுவதும் மீதமுள்ள இழைகள் வழியே நெருக்கியடித்துச் செல்ல நேரிடும். பெரியதில் அப்படியே வைத்து நசுக்கினால் இழைகளுக்கிடையே வெற்றிடம் தங்கி, இணைப்பின் மின்தடை கூடும். அந்தத் தடை 0.01 ஓம் என்று வைத்துக்கொண்டால், 30 ஆம்பியர் ஓடும்போது 9 வாட் வெப்பமும், 60 ஆம்பியரில் 36 வாட் வெப்பமும் அந்தச் சிறிய இடத்திலேயே உண்டாகும். ஆகவே 6 கேஜுக்கென்றே செய்த லக்கைத்தான் வாங்க வேண்டும்.

உறையிட்ட சிறிய லக்குகளில் நிறமே வழிகாட்டி: சிவப்பு 0.5 முதல் 1.5 சதுர மில்லிமீட்டர் வரை, நீலம் 1.5 முதல் 2.5 வரை, மஞ்சள் 4 முதல் 6 வரை. 1.5 ஒயர் சிவப்பு, நீலம் இரண்டிலும் அடங்கும்; எல்லா இழைகளும் தடையின்றி நுழையும் என்றால் நான் சிவப்பையே எடுப்பேன்.

நசுக்குவதற்கு முன் இழைகளின் மீது ஈயம் பூச வேண்டாம். அழுத்தத்தில் ஈயம் மெல்ல நெகிழ்ந்து, பிடி தளர்ந்துவிடும். லக்கில் பார்வைத் துளை இருந்தால் அதில் செம்பு தெரிய வேண்டும். நசுக்கியபின் (கிரிம்ப் செய்தபின்) ஒயரை வலுவாக இழுத்துப் பாருங்கள். சற்றே நகர்ந்தாலும், அதையே மறுபடி நசுக்காமல், லக்கோடு வெட்டி எறிந்துவிட்டுப் புதியதைப் பொருத்துங்கள்.