உடைப்பதற்கு முன் வந்து பாருங்கள்

நேயர்கள் அனைவருக்கும் வணக்கம்.

ஏப்ரல் மாதக் கடைசியில் ஒரு கவின் கலைக் கல்லூரியின் சிற்பத் துறைக்குள் நுழைந்தால் முதலில் மூக்கில் ஏறுவது ஈரச் சாக்கின் வாடைதான். கூடம் முழுவதும் களிமண் தலைகள் நிற்கும். ஒவ்வொன்றின் மேலும் ஈரத்துணி சுற்றி, அதற்கு மேல் பாலிதீன் உறை போட்டுக் கயிற்றால் கட்டியிருப்பார்கள். களிமண் காய்ந்தால் வெடித்துவிடும். சித்திரை வெயிலில் ஒரு நாள் தண்ணீர் தெளிக்காமல் விட்டால் போதும், காதோரத்தில் மயிரிழைபோல ஒரு விரிசல் ஓடிவிடும். அதனால் அந்த மாதத்தில் ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் போகிற மாணவன் விடுதி நண்பனிடம் வேறு எதைச் சொல்ல மறந்தாலும் இதை மறக்கமாட்டான்: "என் தலைக்கும் தண்ணீர் தெளித்துவிடு."

நான் சிற்பம் படித்தவன். படித்து முடித்த பிறகு இருபது ஆண்டுகளுக்கு மேல் அதையே சொல்லிக்கொடுத்தவன். செமஸ்டர் முடிவில் கலைத்துறை எப்படி இருக்கும் என்பதைப் பற்றிப் பேசும்படி வானொலி நிலையத்தார் கேட்டார்கள். சந்தோஷமாக ஒப்புக்கொண்டேன். ஏனென்றால் வெளியே இருப்பவர்களிடம் சொல்ல வேண்டும் என்று பல காலமாக மனதில் வைத்திருந்த ஒரு செய்தி என்னிடம் இருக்கிறது. ஆறு மாதம் எங்கள் பிள்ளைகள் செய்கிறவற்றில் பெரும்பகுதி, செமஸ்டர் முடிந்த பத்துப் பதினைந்து நாட்களுக்குள் இல்லாமல் போய்விடும். அதற்குள் அவற்றைப் பார்த்தவர்கள் யார் என்று எண்ணிப் பார்த்தால், ஆசிரியர்களையும் வெளித்தேர்வாளரையும் தவிர அநேகமாக ஒருவரும் இருக்கமாட்டார்கள்.

மற்றக் கல்லூரிகளில் தேர்வு என்றால் ஹால் டிக்கெட், மூன்று மணி நேரம், வெள்ளைத்தாள். எங்களுக்கும் கலை வரலாறு போன்ற பாடங்களுக்கு எழுத்துத் தேர்வு உண்டு. ஆனால் உயிர் இருப்பது மதிப்பீட்டு நாளில்தான். அன்றைக்கு ஒரு மாணவர் அந்தப் பருவம் முழுவதும் செய்த அத்தனையையும் கூடத்தில் பரப்பி வைக்க வேண்டும். நல்ல வெளிச்சம் விழும் சுவருக்காக விடியற்காலை ஐந்து மணிக்கே வந்து இடம் பிடிப்பார்கள். இரவோடு இரவாகச் சட்டம் அடிப்பார்கள். ஆணி போதாமல் பக்கத்துத் துறைக்கு ஓடுவார்கள். எல்லாவற்றையும் வைத்து முடித்த பிறகு அந்த மாணவர் இரண்டடி பின்னால் நகர்ந்து நிற்பார். டிசம்பரில் போட்ட முதல் கோட்டோவியமும் நேற்று முடித்த ஓவியமும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். தன் கை எங்கிருந்து எங்கே வந்திருக்கிறது என்பதை அவர் கண்ணால் காண்கிற நேரம் அது. மதிப்பெண் பட்டியல் வருவதற்கு முன்பே அவருக்கு முடிவு தெரிந்துவிடும். பலர் முகத்தில் இதை நான் பார்த்திருக்கிறேன்.

ஸ்கெட்ச் கட்டுகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். சென்னை மாணவர்களுக்குச் சென்ட்ரலும் எழும்பூரும்தான் இரவு வகுப்பறைகள். ரயிலுக்காகக் காத்திருந்து அசந்து தூங்குகிறவர்கள் அசையமாட்டார்கள். மடக்கிய முழங்காலையும் தலைக்கு வைத்த பையையும் நிதானமாகப் பார்த்து வரையலாம். தினமும் பத்து என்று போட்டு வந்தவர் கட்டைப் பிரித்தால் மழைநாளும் வெயில்நாளும் அதில் தெரியும். எதையும் போடாமல் இருந்துவிட்டு, கடைசி இரண்டு இரவுகளில் நூறு போட்டுக் கொண்டுவருகிறவர்களும் உண்டு. எல்லாம் ஒரே பேனா, ஒரே வேகம். முப்பதாவது தாளுக்கு மேல் கோடு களைத்துப் போயிருக்கும். தேர்வாளர் ஒன்றும் சொல்லாமல் தாள்களைப் புரட்டுவார். மாணவர் தலை தானாகக் குனிந்துகொள்ளும்.

சென்னைப் பெரியமேட்டில் இருக்கும் அரசு கவின் கலைக் கல்லூரியின் தொடக்கம் 1850. அலெக்சாண்டர் ஹன்டர் என்ற மருத்துவர் ஆரம்பித்த பள்ளி அது. 1929-இல் தேவி பிரசாத் ராய் சௌத்ரி அதன் தலைமைப் பொறுப்புக்கு வந்தார். அந்த இடத்துக்கு வந்த முதல் இந்தியர் அவர். மெரினா கடற்கரையில் நான்கு பேர் பாறையை நெம்பித் தள்ளுகிறார்களே, அந்த உழைப்பாளர் சிலை அவர் செய்தது. எஸ். தனபால் அங்கே மாணவராகச் சேர்ந்து, ஆசிரியராகி, முதல்வராகவும் ஆனார். பெரியாரின் தலைச்சிலையைச் செய்தவர். 1957-இல் கே.சி.எஸ். பணிக்கர் முதல்வரானார். அவர் முன்னின்று 1966-இல் ஈஞ்சம்பாக்கம் கடலோரத்தில் சோழமண்டலம் ஓவியர் கிராமம் உருவானது. நிலம் வாங்கிய பணம், மெழுகு பூசிச் சாயமேற்றும் பாட்டிக் துணிகளும் மற்றக் கைவினைப் பொருட்களும் செய்து விற்றுச் சேர்த்தது. கேன்வாஸ் வாங்கவும் பிளாஸ்டர் வாங்கவும் இரவில் சுவர் விளம்பரம் எழுதி, பிள்ளையார் பொம்மைக்கு வண்ணமடித்து, சினிமா செட்டில் அட்டை வெட்டிவிட்டுக் காலையில் சிவந்த கண்ணோடு வகுப்புக்கு வரும் இன்றைய மாணவனைப் பார்க்கும்போது எனக்கு அந்தப் பாட்டிக் துணிகள்தான் நினைவுக்கு வரும்.

வெண்கலமாக நிற்கிற இப்படிப்பட்ட உருவங்கள் பெரும்பாலும் முதலில் களிமண்ணாக இருந்தவைதான். களிமண்ணை எப்படி நிலைக்க வைக்கிறார்கள் என்பதைச் சொன்னால்தான் செமஸ்டர் கடைசி வாரத்தின் பரபரப்பு உங்களுக்குப் புரியும்.

தலை முடிந்ததும் அதன் மேல் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸைக் கரைத்துக் கையால் விசிறி அடிப்பார்கள். முதல் பூச்சில் மட்டும் துணிக்குப் போடும் நீலத்தைக் கலந்துவிடுவார்கள். அதன் மேல் வெள்ளைப் பிளாஸ்டர், தேங்காய் நார் வைத்து, விரற்கடை கனத்துக்கு. இறுகியபின் பின்பக்கம் திறந்து உள்ளே இருக்கும் களிமண்ணைத் தோண்டி எடுத்துவிட்டால் மிஞ்சுவது ஒரு வெற்று அச்சு. உள்ளே சோப்புக் கரைசல் தடவி, சிமெண்டோ பிளாஸ்டரோ ஊற்றி நிரப்புவார்கள். அது கெட்டியானதும் வெளி அச்சை உளியால் கொஞ்சம் கொஞ்சமாகத் தட்டி உடைக்க வேண்டும். வெள்ளை உதிர்ந்து நீலம் தெரிந்தால் கை நிதானமாகிவிடும். நீலத்துக்கு அடியில் மூக்கு இருக்கிறது, இமை இருக்கிறது. ஒரு தட்டு கூடினால் மூக்கு நுனி போய்விடும். அந்தக் கூடத்தில் இருபது உளிகள் டக்டக்கென்று ஒலித்துக்கொண்டிருக்கும்போது ஓர் உளி மட்டும் சட்டென்று நின்றால், அங்கே நீலம் வந்துவிட்டது என்று திரும்பிப் பார்க்காமலே சொல்லிவிடலாம்.

அச்சு எடுக்கிற வாய்ப்பு எல்லா உருவங்களுக்கும் கிடைப்பதில்லை. பிளாஸ்டர் விலை அப்படி, இட நெருக்கடியும் அப்படி. ஒன்றிரண்டை வார்ப்பார்கள். மிச்சம் எல்லாம் மதிப்பெண் போட்டதும் கலைக்கப்பட்டு, கூடத்துக்குப் பின்னால் இருக்கும் தொட்டிக்குள் போய்விடும். தண்ணீர் விட்டு ஊறவைத்துக் காலால் மிதித்தால் அடுத்த பருவத்துக்கு மண் தயார். அச்சுக்கலைத் துறையில் படம் அச்சிடும் கல்லும் அப்படித்தான். கற்பலகையில் வரைந்து படிகள் எடுத்து முடித்ததும், அதே கல்லைத் தேய்த்து வழவழப்பாக்கி அடுத்த மாணவரிடம் கொடுத்துவிடுவார்கள். ஓவியத் துறையில் பழைய கேன்வாஸுக்கு வெள்ளையடித்து மேலே புதிதாக வரைகிறார்கள். சுடுமண் துறையில் மட்டும் சூளைக்குள் போனது மறுபடி மண்ணாகாது; அங்கே வேறு கவலை. மண்ணில் ஈரம் மிச்சமிருந்து, சூட்டையும் அவசரமாக ஏற்றிவிட்டால் ஆவி கிளம்பி ஒருவருடைய பானை வெடிக்கும். வெடித்தது பக்கத்தில் இருக்கும் நான்கு பேருடைய வேலையையும் சேர்த்துக் கெடுக்கும். அதனால் சூளையைத் திறக்கிற காலையில் அந்தத் துறையில் யாரும் சாப்பிட்டுவிட்டு வரமாட்டார்கள்.

ஒரு வருடம் மதிப்பீட்டுக்கு முந்தைய இரவு, ஒரு மாணவி செய்த தலை கம்பியிலிருந்து வழுக்கிக் கீழே சரிந்துவிட்டது. உள்ளே மண்ணைத் தாங்க வேண்டிய குறுக்குக் கட்டைகளை அவள் போதுமான அளவு கட்டவில்லை. இரவு பதினொரு மணிக்கு எனக்குத் தகவல் வந்தது, போய்ப் பார்த்தேன். அவள் அழுதுகொண்டிருக்கவில்லை. ஐந்து பேர் தங்கள் வேலையை விட்டுவிட்டு அவளுக்காக மண் பிசைந்துகொண்டிருந்தார்கள். ஒருவன் கட்டைகளைக் கம்பியால் இறுக்கிக்கொண்டிருந்தான். மண்டையின் கனத்தை அவர்கள் ஏற்றிக்கொடுத்தார்கள். முகத்தை அவள் ஒருத்தியே விடியும்வரை செய்தாள். விதிப்படி இது சரியா என்று கேட்டால் என்னிடம் பதில் இல்லை. நான் மதிப்பெண்ணைக் குறைக்கவில்லை. இன்றைக்குக் கேட்டாலும் குறைக்கமாட்டேன்.

அதே வருடம்தான் நாங்கள் ஒரு காரியம் செய்தோம். ஆண்டுக் கண்காட்சி என்று ஒன்று வழக்கமாக நடக்கும். அதற்குத் தேர்ந்தெடுத்த வேலைகளை மட்டும் வைப்பார்கள். சிறப்பு விருந்தினர் வருவார், நாடா வெட்டுவார். அதில் எனக்கு வருத்தம் இல்லை. ஆனால் முதலாம் ஆண்டுப் பிள்ளையின் வேலை அங்கே இடம்பெறாது. பெற்றோரோ விடுதியைக் காலி செய்கிற நாளில்தான் வருகிறார்கள், பெட்டியையும் படுக்கையையும் தூக்க. அதற்குள் சுவர் வெறுமையாகிவிடும். நான்கு வருடம் பிள்ளையைப் படிக்க வைத்துவிட்டு, அவன் என்ன செய்தான் என்று ஒருநாள்கூடப் பார்க்காமல் திரும்பிப் போன அப்பாக்களை எனக்குத் தெரியும். அதனால் அந்த வருடம் மதிப்பீடு முடிந்த மறுநாள் எதையும் கலைக்க வேண்டாம், கதவைத் திறந்து வைப்போம் என்று முடிவு செய்தோம். மேடை இல்லை, பேச்சு இல்லை. வீட்டுக்குத் தொலைபேசியில் சொல்லுங்கள் என்றோம். வாசல் டீக்கடையிலும் ஆட்டோ நிறுத்தத்திலும் நானே போய்ச் சொன்னேன்.

எங்களுக்கு மாடலாக உட்கார்ந்த பெரியவர் முதல் ஆளாக வந்தார், வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு. ஏழு வாரம் காலை பத்து மணியிலிருந்து ஒரு மணிவரை அசையாமல் அமர்ந்திருந்தவர். அவர் உட்கார்ந்த இடத்திலிருந்து பார்த்தால் ஸ்டாண்டுகளின் பின்பக்கமும் மாணவர்களின் நெற்றியும்தான் தெரியும். அன்றைக்குத்தான் சுற்றி வந்து பார்த்தார். பன்னிரண்டு தலைகள், பன்னிரண்டும் அவர். ஒவ்வொன்றின் முன்னாலும் நின்று, தன் மூக்கைத் தடவிப் பார்த்துக்கொண்டு நகர்ந்தார். சரிந்து விழுந்து மீண்டும் எழுந்த அந்தத் தலையிடம் வந்ததும் நின்றுவிட்டார். தாடை கொஞ்சம் அகலமாகியிருந்தது, கண்ணுக்குக் கீழே கனம் கூடியிருந்தது. உருவ ஒற்றுமை என்று பார்த்தால் பன்னிரண்டில் அதுதான் குறைவு. அவர் வெகுநேரம் பார்த்துவிட்டுச் சொன்னார்: "இது நான் இல்லை அம்மா. இது எங்கள் அப்பா. அவருக்குப் போட்டோ கிடையாது. நீ எங்கே பார்த்தாய்?"

அந்தத் தலையை அன்று மாலையே அச்சு எடுத்தோம். அது இப்போது அவர் வீட்டில் இருக்கிறது.

மதியம் ஒரு மாணவனின் தந்தை வந்தார். கொத்தனார். மகன் ஓவியம் படிப்பதாகச் சொல்லிக்கொண்டிருந்தவர், சிற்பத் துறையில் அவனைப் பார்த்ததில் முதலில் திகைத்துப்போனார். சிமெண்டில் வார்த்த ஓர் உருவத்தின் அருகில் குனிந்தார். நகத்தால் கீறிப் பார்த்தார். "கலவை சரி. ஈரம் காட்டியது போதாது. இன்னும் மூன்று நாள் சாக்கு போட்டுத் தண்ணீர் விட்டிருக்க வேண்டும்" என்றார். அவர் சொன்னது முற்றிலும் சரி. அந்த அவசரம் எங்களுடையது. அதற்குப் பிறகு அரை மணி நேரம் அவர் பேச, மகனும் இன்னும் ஏழெட்டுப் பேரும் சுற்றி நின்று கேட்டார்கள். மணலைச் சலிப்பது, கம்பி துருப்பிடிக்காமல் மூடுவது, எத்தனை நாளில் அச்சைத் தட்டலாம் என்பது. நான் பாடமாக நடத்தியதைக்காட்டிலும் நன்றாகவே சொன்னார். மகன் அப்பாவின் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தான். அடுத்த பருவத்தில் அவன் செய்த வேலைகளில் கரணையும் ரசமட்டமும் வந்தன. நான் சொல்லி வந்தவை அல்ல.

மறுநாள் வழக்கம்போலக் கலைத்தோம். பையன்கள் கால்சட்டையை மடித்துவிட்டுக்கொண்டு தொட்டிக்குள் இறங்கி மிதித்தார்கள். புதிய பருவம் தொடங்கிச் சில நாட்களில், முதலாம் ஆண்டு மாணவி ஒருத்தி தொட்டியிலிருந்து மண்ணை அள்ளும்போது, மிதிபடாமல் தப்பிய ஒரு முழுக் காது அவள் கையில் வந்தது. யாரோ கட்டை விரலால் அழுத்திய ரேகை அதில் அப்படியே இருந்தது. அவள் அதைத் தண்ணீர் தெளித்து ஜன்னலோரம் வைத்தாள்.

இந்த உரையைக் கேட்டுக்கொண்டிருப்பவர்களில் கலைக் கல்லூரியில் பிள்ளை படிக்கும் பெற்றோர் இருப்பீர்கள். சென்னையிலோ கும்பகோணத்திலோ மாமல்லபுரத்திலோ அப்படியொரு கல்லூரிக்குப் பக்கத்தில் குடியிருப்பவர்களும் இருப்பீர்கள். பிள்ளையிடமோ வாசலில் நிற்கும் மாணவரிடமோ, வேலைகளை எந்தத் தேதியில் கலைக்கிறீர்கள் என்று கேளுங்கள். துறையில் அனுமதி வாங்கிக்கொண்டு அதற்கு முந்தைய நாள் போங்கள். துறைத்தலைவர்களாக இருக்கும் என் நண்பர்களுக்கும் ஒரு வேண்டுகோள்: அந்த ஒரு நாள் கதவைப் பூட்டாதீர்கள்.

நன்றி. வணக்கம்.