வீடு யார் பேரில் இருக்கிறது?

நாகர்கோவில் வானொலி நேயர்களுக்கு வணக்கம்.

குலசேகரம், பேச்சிப்பாறை, கீரிப்பாறை பக்கம் இருப்பவர்களுக்கு ரப்பர் பால்வெட்டைப் பற்றி நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. மற்ற நேயர்களுக்காகச் சொல்கிறேன். வெயில் ஏறுவதற்குள் வெட்டினால்தான் பால் நன்றாக ஓடும் என்பதால், விடிவதற்கு முன்பே தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு தோட்டத்தில் இறங்குவார்கள். பழைய கோட்டில் உறைந்து கிடக்கும் ஒட்டுப்பாலை உரித்துக் கூடையில் போடுவார்கள். கத்தியை வைத்துப் பட்டையை மெல்லிசாகச் சீவுவார்கள். கொஞ்சம் ஆழமாகப் போனால் மரம் கெட்டுவிடும், மேலாகப் போனால் பால் வராது. சிரட்டையை நேராக்கி வைத்துவிட்டு அடுத்த மரத்துக்கு நகர்வார்கள். ஒரு ஆள் ஒரு நாளைக்கு 300 மரம் வெட்டுவார்.

இந்த வேலை செய்கிறவர்களில் ஒரு பகுதியினர் இலங்கையின் தேயிலை மலைகளிலிருந்து வந்த குடும்பங்கள். 1964-ல் போட்ட ஒப்பந்தத்தின்படி தாயகம் திரும்பியவர்கள். அவர்களுக்கு வேலை கொடுக்கத்தான் நம் மாவட்டத்தில் அரசு ரப்பர் தோட்டங்கள் பெருகின. 1984-ல் அரசு ரப்பர் கழகம் உருவானதும் அதன் தொடர்ச்சிதான். நீலகிரியில் தேயிலை, நமக்கு ரப்பர்.

நான் கல்லூரியில் முப்பது வருஷம் பொருளாதாரம் சொல்லிக்கொடுத்தவன். அப்படி ஒரு குடும்பத்திலிருந்து வந்த மாணவி ஒருத்தி வகுப்பில் எழுந்து கேட்டாள். "சார், மலேசியாவுக்குப் போனவங்களும் நம்ம ஆளுங்கதான், சிலோனுக்குப் போனவங்களும் நம்ம ஆளுங்கதான். அவங்க காரும் வீடுமா இருக்காங்க. எங்க சொந்தக்காரங்க இன்னும் லயத்துல இருக்காங்க. ஏன் சார்?" லயம் என்றால் தோட்டத்து வரிசை வீடு. மலேசியா பணக்கார நாடு, இலங்கை ஏழை நாடு என்று ஒரு பதிலைச் சொல்லிவிட்டு நான் பாடத்துக்குப் போய்விட்டேன். அது பாதிப் பதில். மீதிப் பாதியைத் தேடிக் கொஞ்ச வருஷம் படித்தேன், கேட்டேன். அதைத்தான் இன்று சொல்ல வந்திருக்கிறேன்.

முதலில், இரண்டு கூட்டமும் புறப்பட்ட இடம் ஏறத்தாழ ஒன்றுதான். திருச்சி, புதுக்கோட்டை, சேலம், மதுரை, ராமநாதபுரம், தஞ்சாவூர், திருநெல்வேலி. பஞ்சமும் கடனும் துரத்தியவர்கள், அவர்களில் பெரும்பகுதி நிலமில்லாதவர்கள். கூட்டிப்போனவரும் ஒரே மாதிரி ஆள்தான், தோட்டத்துக்கு ஆள் பிடித்து மேய்க்கும் கங்காணி. மலையகத்துக்கு, அதாவது இலங்கையின் தேயிலை மலைகளுக்கு, போனவர்கள் மன்னாரில் இறங்கிக் காட்டு வழியாக மாத்தளைக்கு நடந்தார்கள். வழியில் காய்ச்சலில் விழுந்தவர்கள் விழுந்த இடத்திலேயே கிடந்தார்கள். மலாயாவுக்கு, அதாவது இன்றைய மலேசியாவுக்கு, போனவர்கள் நாகப்பட்டினத்தில் கப்பலேறிப் பினாங்கில் இறங்கினார்கள். அங்கே தொடக்கத்தில் ஒப்பந்தத்தால் ஆளைக் கட்டிப்போடும் சஞ்சிக்கூலி முறை இருந்தது. 1910-ல் அது நின்றது. இலங்கையில் 'துண்டு' என்று ஒரு முறை. தொழிலாளி எவ்வளவு கடன் பட்டிருக்கிறான் என்று எழுதிய சீட்டு அது. அந்தக் கடனை அடைக்கிற தோட்டத்துக்குத்தான் அவன் போக முடியும். கடன் ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குப் போகும், ஆளும் அதோடு போவான். 1921-ல்தான் அதை ஒழித்தார்கள்.

இரண்டு இடத்திலும் காலையில் பிரட்டுக்களத்தில் ஆள் கணக்கு எடுத்தார்கள், தோட்டம் கொடுத்த வரிசை வீட்டில்தான் குடியிருந்தார்கள். உழைப்பில் ஒரு கூட்டத்துக்கு இன்னொரு கூட்டம் குறைந்தது இல்லை. மலேசியாவுக்குப் போனவர்கள் கெட்டிக்காரர்கள் என்று சிலர் சொல்வார்கள், நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

அப்படியானால் பாதை எங்கே பிரிந்தது? என் கணக்கில், ஒரு காகிதத்தில்.

இலங்கை சுதந்திரம் அடைந்தது 1948 பிப்ரவரியில். அதே வருஷம் குடியுரிமைச் சட்டம் வந்தது. தகப்பன் இலங்கையில் பிறந்ததற்கு, இல்லையென்றால் பாட்டனும் பூட்டனும் அங்கே பிறந்ததற்குச் சான்று காட்ட வேண்டும். லயத்தில் பிறந்த பிள்ளைக்கு அந்தக் காலத்தில் யார் பிறப்புப் பதிவு எழுதி வைத்தார்கள்? 1947 தேர்தலில் 7 உறுப்பினர்களைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பிய மக்கள், கொஞ்ச நாளில் நாடற்றவர்கள் ஆகிவிட்டார்கள். மறு வருஷம் ஓட்டும் போயிற்று. நாடற்றவருக்கு அரசாங்க வேலை கிடையாது, பாஸ்போர்ட் கிடையாது, அரசு பிரித்துக் கொடுக்கும் காணியும் கிடையாது. ஓட்டில்லாதவர் வாழும் ஊருக்கு எந்த அரசியல்வாதி ரோடு போடுவார், பள்ளிக்கூடம் கட்டுவார்? நாட்டுக்கு அந்நியச் செலாவணி கொண்டுவந்தது அவர்கள் கிள்ளிய கொழுந்துதான். ஆனால் அந்த நாட்டின் பட்ஜெட்டில் அவர்களுக்குப் பேர் இல்லை.

1964 அக்டோபரில் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் 9 லட்சத்து 75 ஆயிரம் பேரைப் பங்கு போட்டார்கள். 5 லட்சத்து 25 ஆயிரம் பேர் இந்தியாவுக்கு, 3 லட்சம் பேர் இலங்கைக்கு, மீதி பிறகு பார்க்கலாம் என்று. அந்த மீதி ஒன்றரை லட்சத்தை 1974-ல் பாதி பாதியாகப் பிரித்தார்கள். எங்கே போக விருப்பம் என்று அந்த மக்களை உட்காரவைத்துக் கேட்டுப் போட்ட ஒப்பந்தம் இல்லை இது. இதைச் சொல்லும்போது எனக்கு இன்றைக்கும் மனசு கொதிக்கும். எழுபதுகளில் தோட்டங்களை அரசு எடுத்துக்கொண்டது. 1973, 74 வாக்கில் தோட்டங்களில் பட்டினிச் சாவுகள் விழுந்தன. கடைசிக் குடியுரிமைச் சிக்கல் தீரச் சட்டம் வந்தது 2003-ல். அதாவது ஐம்பத்தைந்து வருஷம். ஒரு குடும்பம் காணி வாங்கி, பிள்ளையைப் படிக்கவைத்து, அந்தப் பிள்ளை உத்தியோகத்துக்குப் போய் மேலே வர எடுக்கிற இரண்டு தலைமுறைக் காலம் முழுக்க அதில் போயிற்று.

மலாயாவில் 1957-ல் சுதந்திரம் வந்தபோது, அதற்குப் பிறகு அந்த மண்ணில் பிறந்த பிள்ளை குடிமகன். முன்னால் பிறந்தவர்கள் மனுப் போட்டு வாங்கலாம். மனுப் போடத் தெரியாமல் விட்டவர்களும் தோட்டத்தில் நிறையப் பேர். 1969 மே கலவரத்துக்குப் பிறகு, குடியுரிமை இல்லாதவர் வேலை செய்ய அனுமதிச்சீட்டு வேண்டும் என்று ஆனது. பல்லாயிரம் பேர் அப்போது கப்பலேறி ஊர் திரும்பினார்கள். ஆனாலும் பெரும்பாலானோர் கையில் அந்தக் காகிதம் இருந்தது. அப்புறம் அந்த நாட்டின் பொருளாதாரமும் வளர்ந்தது. தோட்டத்தை விட்டு வெளியே வந்தவருக்குத் தொழிற்சாலை இருந்தது, துறைமுகம் இருந்தது, லாரி இருந்தது. இன்றைக்கும் 500-க்கு மேல் தமிழ்ப்பள்ளிகள் அங்கே உண்டு.

இப்போது எண்களைப் பார்ப்போம். மலேசியாவில் 2022-ம் ஆண்டுக் கணக்குப்படி இந்தியக் குடும்பங்களின் நடுநிலை மாத வருமானம் 6,627 வெள்ளி. பாதிக் குடும்பங்களுக்கு இதற்கு மேல், பாதிக்கு இதற்குக் கீழ். அங்கே ரிங்கிட்டைத் தமிழர்கள் வெள்ளி என்றுதான் சொல்வார்கள். அன்றைய மதிப்பில் ஏறக்குறைய 1 லட்சத்து 20 ஆயிரம் ரூபாய். சீனர்களுக்கு 8,167, பூமிபுத்திரர் என்று சொல்லப்படும் மலாய்க்காரர் உள்ளிட்டோருக்கு 5,793. இலங்கையிலோ, தோட்டத் தொழிலாளிக்கு நாளுக்கு 1,000 ரூபாய் வேண்டும் என்று பல வருஷம் போராடி 2021-ல்தான் அது கிடைத்தது. 2024-ல் அடிப்படைச் சம்பளம் 1,350 ஆயிற்று. நம் பணத்தில் 380 ரூபாய் போல. அதுவும் பல தோட்டங்களில் 18 கிலோ, 20 கிலோ கொழுந்து பறித்தால்தான் முழுப் பேர், அதாவது முழு நாள் சம்பளம். குறைந்தால் அரைப்பேர், பாதிச் சம்பளம். 2021-ல் ரசாயன உரத்தைத் திடீரென்று தடை செய்தபோது செடியில் கொழுந்தே இல்லை. எவ்வளவு ஓடியாடிப் பறித்தாலும் கூடை நிறையாது. அரசாங்கம் போட்ட உத்தரவுக்குக் கொழுந்து பறிக்கிறவளின் சம்பளம் பிடிபட்டது.

இந்த எண்களோடு நிறுத்திக்கொண்டால் மாணவிக்கு நான் சொன்ன அரைகுறைப் பதிலே சரி என்று ஆகிவிடும். ஆனால் அந்த 6,627-க்குள் யார் யார் இருக்கிறார்கள்? வக்கீல், டாக்டர், பஞ்சாபி வியாபாரி, மலையாளி அதிகாரி, தோட்டத்தில் கிராணி, அதாவது எழுத்தர், வேலைக்கென்று யாழ்ப்பாணத்திலிருந்து போனவர்களின் பேரப்பிள்ளைகள் எல்லாரும் இந்தியர் என்ற ஒரே கட்டத்தில்தான். பால்மரம் வெட்டினவரின் பேரனை அந்தக் கட்டத்தில் தேடினால், அவன் கீழ்ப்பக்கத்தில் இருப்பான்.

அவனுக்கு என்ன நடந்தது என்றால், ஐம்பது, அறுபதுகளில் வெள்ளைக்காரக் கம்பெனிகள் விற்ற தோட்டங்கள் துண்டு துண்டாகக் கைமாறின. தோட்டத் துண்டாடல் என்று அங்கே சொல்வார்கள். பிறகு ரப்பரை வெட்டிவிட்டுச் செம்பனை, அதாவது எண்ணெய்ப் பனை, வைத்தார்கள், அதற்கு இத்தனை ஆள் வேண்டாம். எண்பது, தொண்ணூறுகளில் தோட்டம் இருந்த இடத்தில் நகரமே வந்தது. மலேசியாவின் நிர்வாகத் தலைநகரம் புத்ராஜெயா எழும்பியது பிராங் பெசார் ரப்பர் தோட்டம் இருந்த நிலத்தில். அங்கும் பக்கத்துத் தோட்டங்களிலும் தலைமுறையாக இருந்த தமிழ்க் குடும்பங்களை டிங்கில் என்ற ஊரில் அடுக்குமாடிக்கு மாற்றினார்கள்.

தோட்டத்து வீட்டில் அவர்களுக்கு இரண்டு மாடு இருந்திருக்கும். முருங்கை, வாழை, கோழி இருந்திருக்கும். பால் விற்ற காசில் பிள்ளைக்குச் சட்டை எடுத்திருப்பார்கள். சம்பளப் பட்டியலில் இது எதுவும் வராது. நாலாவது மாடிக்கு மாட்டைக் கொண்டுபோக முடியுமா? குடியிருக்க ஒரு இடம் கிடைத்தது, வருமானத்தில் பாதி போயிற்று. அந்த இடமும் கிடைக்காதவர்கள் நகரத்து ஓரத்தில் புறம்போக்கில் குடிசை போட்டார்கள். 2007 நவம்பர் 25-ல் கோலாலம்பூர் தெருவில் உரிமை கேட்டு ஆயிரக்கணக்கில் இந்தியர்கள் திரண்டார்கள் என்றால், அதற்குப் பின்னால் இந்த இழப்பெல்லாம் இருந்தது.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். மலாயாவில் 1956-ல் தொடங்கிய பெல்டா என்ற அரசுத் திட்டத்தில் நிலமில்லாதவர்களுக்குக் காட்டைத் திருத்தி ரப்பர் வைத்து ஏக்கர் கணக்கில் பிரித்துக் கொடுத்தார்கள். வாங்கியவர்கள் மிகப் பெரும்பாலும் மலாய்க்காரர்கள். பால்மரத்தை விரல் நுனியில் அறிந்தவனுக்கு ஒரு மரமும் சொந்தமாகவில்லை. நம் மாவட்டத்தில் ஐம்பது சென்ட் ரப்பர் வைத்திருப்பவர் அந்தப் பாலை உறையவைத்த ஷீட்டை விற்றுத்தான் மகளைக் கட்டிக்கொடுக்கிறார், மகனை நர்சிங் படிக்கவைக்கிறார். மரம் சொந்தமாக இருப்பதற்கும் இன்னொருத்தர் மரத்தை வெட்டுவதற்கும் உள்ள தூரம் நமக்கு நன்றாகவே தெரியும்.

இந்தக் கதையில் எனக்கு மிகவும் பிடித்த இடம் ஒன்று உண்டு. 1960-ல் மலாயாவில் அமைச்சராக இருந்த தமிழர் துன் சம்பந்தன், தோட்டங்கள் கைமாறுவதைப் பார்த்து, தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தோட்டம் தோட்டமாகப் போய்ப் பேசினார். தொழிலாளி மாதம் 10 வெள்ளி கட்ட வேண்டும், சேர்ந்த பணத்தில் விற்பனைக்கு வரும் தோட்டத்தைத் தொழிலாளிகளே வாங்க வேண்டும். வாங்கவும் செய்தார்கள். அந்தச் சங்கம் இன்றும் இருக்கிறது. எல்லாத் தோட்டத்தையும் காப்பாற்ற அதனால் முடியவில்லை, உண்மைதான். ஆனால் பால்வெட்டுக்காரன் சேர்ந்து பணம் போட்டால் முதலாளியின் நிலம் அவன் பேருக்கு வரும் என்பதைச் செய்து காட்டினார்கள். இலங்கையில் ஓட்டும் காணியும் மறுக்கப்பட்ட மக்களுக்கு அப்படி ஒரு வழி திறக்கவே இல்லை.

சரி, இப்போது லயத்துக்கு வருவோம். பத்தடிக்குப் பன்னிரண்டடி அறை. தாத்தா காலத்தில் கொடுத்தது. குடும்பம் பெருகினாலும் அறை பெருகாது. வீட்டில் ஒருவராவது தோட்டத்தில் பேர் பதிந்திருக்க வேண்டும், அதனால் பெண்கள் கொழுந்துக்குப் போகிறார்கள், பையன்கள் கொழும்பில் கடைகளில் நிற்கிறார்கள். சம்பளம் குறைவு என்று வேலையை விட்டால் கூரையும் போய்விடும். கூரைக்குப் பயந்து, கிடைத்த சம்பளத்துக்குச் சம்மதிக்க வேண்டியிருக்கிறது. மலேசியாவில் தோட்டம் போனதும் வீடும் போனது, இலங்கையில் வீடு போய்விடும் என்று தோட்டத்தை விட முடியவில்லை. சம்பளத்தை மட்டும் ஒப்பிட்டால் இது கண்ணில் படாது. வீடு யார் பேரில் இருக்கிறது என்று கேட்டால்தான் படும்.

கடந்த பத்துப் பதினைந்து வருஷத்தில் மலையகத்தில் சில ஆயிரம் குடும்பங்களுக்குத் தனி வீடு கட்டிக் கொடுத்திருக்கிறார்கள், இந்திய உதவியோடும் கட்டினார்கள். நிலத்துக்கு எழுத்துமூலமான உரிமை, அங்கே காணி உறுதி என்பார்கள், அது பலருக்குத் தாமதமாகிறது.

போன வருஷம் குலசேகரத்துக்கு மேலே ஒரு தோட்டக் குடியிருப்புக்குப் போயிருந்தேன். எழுபது வயதைத் தாண்டிய ஒரு அம்மா, மகனுடைய குவார்ட்டர்ஸில் இருக்கிறார். மகன் பால்வெட்டு. ராமேஸ்வரத்தில் கப்பல் இறங்கியபோது கையில் வைத்திருந்த குடும்ப அட்டையை இன்னும் பத்திரமாக வைத்திருக்கிறார். மடிப்பு மடிப்பாகக் கிழிந்து, பின்னால் துணி ஒட்டி, பிளாஸ்டிக் கவரில் போட்டு. அவர் தங்கச்சி ஹட்டன் பக்கம் தங்கிவிட்டவர். தங்கச்சிக்கு 7 பேர்ச் நிலத்தில் புது வீடு கிடைத்திருப்பதாகப் போனில் சொன்னாராம்.

"சார், ஏழு பேர்ச்னா நம்ம கணக்குல எத்தன சென்ட்?" என்று கேட்டார்.

ஒரு பேர்ச் 272 சதுர அடி. அவர் நீட்டிய பழைய காலண்டர் தாளின் பின்பக்கத்தில் கணக்குப் போட்டேன். "நாலே கால் சென்டுக்குக் கொஞ்சம் மேல வரும்மா."

அவர் மகனுடைய குவார்ட்டர்ஸ் வாசலை ஒரு தடவை பார்த்தார். அப்புறம் என்னிடம் கேட்டார்.

"பட்டா அவ பேர்லயா சார்?"

நன்றி, வணக்கம்.